ஒரே விதை, ஒரே மழை, பக்கத்துப் பக்கத்துக் காடு: களை மட்டும் ஏன் வேறு வேறு?

கரிசல்காட்டான் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் போடுகிறேன். வண்டிப்பாதைக்கு மேற்கே இரண்டு ஏக்கர், கிழக்கே ஒன்றரை ஏக்கர். இரண்டும் கரிசல். ஒரே நாளில் விதைத்தது, ஒரே மூட்டை விதை, பெய்ததும் ஒரே மழை.

பன்னிரண்டாம் நாள் போய்ப் பார்த்தால் மேலக்காட்டில் பாய் விரித்த மாதிரி குப்பைக்கீரையும் பார்த்தீனியமும். விரல் ஊன்ற இடமில்லை. கீழக்காட்டில் அந்தப் பாயே இல்லை. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கானாவாழையும், ஊதாப் பூப் பூக்கும் தாளிக்கொடியும் தடித்தடியாகக் கிளம்பியிருக்கின்றன. விதைத்த மூன்றாம் நாள் இரண்டு காட்டுக்கும் பென்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி அடித்தேன். மேலக்காட்டுக்கு அடிக்கும்போது மண் காய்ந்து போயிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அது போக, எனக்குத் தெரிந்து ஒரே வித்தியாசம் உழவுதான். மேலக்காட்டில் நாலு வருஷமாக ரோட்டவேட்டர் மட்டும். கீழக்காட்டைப் போன வருஷம் கோடையில் சட்டிக்கலப்பை போட்டுப் புரட்டினேன். அப்பா அதைக் 'களை பிடிக்காத காடு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி இதுதான். வரும் கோடையில் மேலக்காட்டுக்கும் சட்டி போடலாமா? கீழக்காட்டுக்கு இன்னொரு தடவை போடலாமா? டீசல் விற்கிற விலையில் இரண்டுக்கும் போட முடியாது.


தாளடி | செவ்வாய், இரவு 10.15

தம்பி, நம்ம பக்கம் நெல்லு. மக்காச்சோளம் பற்றித் தெரியாது. கோரைக்கு வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள், நானும் இந்த இழையில் உட்கார்ந்துகொள்கிறேன்.


வரப்போரம் | புதன், காலை 6.05

இதில் ஆராய என்ன இருக்கிறது? மழை எப்போது விழுகிறதோ அதற்குத் தக்க களை வரும். ஆடிப் பட்டத்தில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. உழவுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.


முறம் | புதன், காலை 11.20

விதைப் பரிசோதனை நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் லென்ஸ் வழியாக விதையைப் பார்த்தே கண் போனவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரப்போரம் சொல்லும் மழை உண்மைதான். ஆனால் இங்கே இரண்டு காட்டிலும் ஒரே மழை. தம்பி, உங்கள் இரண்டு களைக் கூட்டத்தையும் உள்ளங்கையில் விதையாகப் போட்டுப் பாருங்கள், விஷயம் பாதி புரிந்துவிடும். குப்பைக்கீரை விதை மிளகாய் விதையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆயிரம் விதை சேர்ந்தால் அரை கிராம் வராது. கானாவாழை விதை அதைப்போல் பல மடங்கு. தாளிக்கொடி இனத்து விதை இன்னும் பெரிது. உங்கள் மக்காச்சோளம் ஒன்று கால் கிராமுக்கு மேல் இருக்கும். தராசின் மறு தட்டில் அறுநூறு குப்பைக்கீரை விதையாவது போட்டால்தான் சரிக்குச் சரி நிற்கும்.

விதைக்குள் இருப்பது கட்டுச்சோறு. முளை வெளிச்சத்துக்கு வரும்வரை அதைத்தான் தின்ன வேண்டும், வழியில் கடை கிடையாது. சின்ன விதைக்கு ஒரு கவளம், பெரிய விதைக்கு ஒரு தூக்குச்சட்டி. அதனால் எவ்வளவு ஆழத்திலிருந்து மேலே வர முடியும் என்பதை விதையின் எடை பெரிதும் தீர்மானிக்கிறது. கணக்கு நேர்விகிதமாக ஓடாது, கனமூலக் கணக்கு. எடை எட்டு மடங்கு கூடினால் ஆழம் இரண்டு மடங்குதான் கூடும். ஒரு மில்லிகிராம் விதை ஏறக்குறைய இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். பத்து மில்லிகிராம் விதை ஐந்தாறு சென்டிமீட்டர். குப்பைக்கீரை மாதிரியானவை இரண்டு சென்டிமீட்டர் தாண்டினாலே திண்டாட்டம். மண் இறுகியிருந்தால் இதிலும் குறையும்.

ரோட்டவேட்டர் மேல்மண்ணையே திரும்பத் திரும்பக் கடைகிறது. போன வருஷம் கொட்டிய விதையில் ஒரு பகுதி எப்போதும் மேலேயே கிடக்கும். அதனால்தான் பாய். சட்டிக்கலப்பை அந்தச் சரக்கில் பெரும்பகுதியை ஒரு சாண் ஆழத்துக்குத் தள்ளிவிட்டது. அங்கிருந்து குப்பைக்கீரை வர முடியாது. ஆறேழு சென்டிமீட்டரில் நின்றுபோன கானாவாழையும் தாளியும் மட்டும் வந்துவிட்டன.

அப்பா பெருமைப்படட்டும். ஆனால் கீழக்காட்டில் களை செத்துப்போகவில்லை. லாக்கரில் இருக்கிறது.


கரிசல்காட்டான் | புதன், மதியம் 1.50

ஐயா, லாக்கர் என்றால்? ஒரு வருஷம் மண்ணுக்குள் கிடந்தால் மட்கிவிடாதா?


முறம் | புதன், மாலை 4.30

பெரிய விதை பெரும்பாலும் மட்கும், அல்லது உள்ளேயே முளைத்துச் சாகும், இல்லையென்றால் எலி, பூஞ்சை. சின்ன விதைதான் பிடிவாதக்காரன். அதில் பல, வெளிச்சம் பட்டால்தான் முளைப்பது என்று உட்கார்ந்திருக்கும். ஆழத்தில் முளைத்தால் சாவு என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற பேராசிரியர் 1879ல் இருபது பாட்டில்களில் ஈர மணலோடு களை விதைகளைக் கலந்து, வகைக்கு ஐம்பது விதை வீதம், வாயைக் கீழ்நோக்கி வைத்துப் புதைத்தார். ஆரம்பத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒன்று, அப்புறம் பத்துக்கு ஒன்று, இப்போது இருபதுக்கு ஒன்று என்று தோண்டுகிறார்கள். கடைசியாக எடுத்தது 2021ல். அதாவது 142 வருஷம் கழித்து. அப்போதும் வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன. பொடிப்பொடியான விதை அது. அந்தப் பாட்டிலை இருட்டில்தான் தோண்டுவார்கள், வெளிச்சம் பட்டால் விதை விழித்துக்கொள்ளும் என்பதற்காக.


தாளடி | புதன், இரவு 8.10

அப்படியென்றால் ராத்திரியில் உழுதால் களை வராதா ஐயா?


முறம் | புதன், இரவு 8.40

சிரிப்புக்குக் கேட்டீர்களோ என்னவோ, ஜெர்மனியில் நிஜமாகவே உழுது பார்த்தார்கள். சில இடத்தில் குறைந்தது, சில இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. உழுத பிறகு மேலாகக் கிடக்கும் விதைக்கு மறுநாள் காலையில் சூரியன் இருக்கிறதே. உங்கள் கோரைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிழங்குக் கோரையைச் சொல்கிறீர்கள் என்றால் அது இந்தக் கணக்கிலேயே வராது. கிழங்கைப் பெரிய விதையாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு பானைச் சோற்றோடு ஒரு சாண் ஆழத்திலிருந்தும் வரும். விதையில் வரும் ஊசிக்கோரை வகை வேறு. அதன் விதை தூசி மாதிரி.


மட்டு_வயல் | வியாழன், காலை 7.30

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் நாற்று நடுவது குறைவு. பெரும்போகமோ சிறுபோகமோ, பெரும்பாலும் சேற்றில் முளைவிதையை வீசுவதுதான். அதனால் முறம் ஐயா சொன்னதைத் தண்ணீர்க் கணக்கில் சொல்கிறேன்.

வீசிய நெல் கொஞ்சம் எழும்பியதும் இரண்டு விரற்கிடை தண்ணீர் கட்டினால் ஊசிக்கோரை, நீர்மேல் நெருப்பு, கரிசலாங்கண்ணி எல்லாம் நன்றாக அடங்கும். அதெல்லாம் பொடி விதை, சேற்றின் மேல்தோலில் வெளிச்சம் பட்டு முளைக்கிற சாதி. நெல் மணியில் சரக்கு இருக்கிறது, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிவிடும். ஆனால் வயல் மட்டமில்லாமல் ஓரிடம் திட்டாக நின்றால், அந்தத் திட்டில் மட்டும் பச்சைப் பாய். போன போகம் என்னுடைய வயலில் திட்டு எங்கே என்று மட்டம் பார்க்கும் கருவி தேவைப்படவில்லை, களையே படம் வரைந்து காட்டியது.

நெல்லைப் போலவே இருக்கும் குதிரைவாலி இனப் புல்லுக்கு மட்டும் தண்ணீர் சரிவராது. விதையும் அந்தப் பொடிகளைவிடப் பெரிது, காற்றுக் குறைந்த சேற்றுக்குள்ளும் முளைக்கத் தெரியும். அதைவிட மோசம் களைநெல். அது நெல்லேதான். எடையும் நெல்லின் எடை, ஆழமும் நெல்லின் ஆழம். வடிகட்ட எதுவும் இல்லை. எங்களுக்கு இப்போது பெரிய தலையிடி அதுதான்.


முறம் | வியாழன், காலை 10.00

மட்டு தம்பி நல்ல இடத்தைத் தொட்டீர்கள். களை எதன் அளவில் இருக்கிறது என்பதோடு, பயிர் விதையின் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதும் பெரிய விஷயம். என் தொழிலே அதுதான்.

நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் புடைப்பார்கள், கொழிப்பார்கள், சல்லடையில் சலிப்பார்கள். முறம் எடையைப் பார்க்கும், சல்லடை அளவைப் பார்க்கும். இரண்டிலும் பயிரை ஒத்திருக்கும் களை விதை பயிரோடு சேர்ந்து அடுத்த வருஷமும் காட்டுக்குப் போகும், விதைப்பவன் கையாலேயே. ரஷ்யாவின் தாவர விஞ்ஞானி வவிலோவ் இதை ஆளி வயல்களில் கவனித்து எழுதியிருக்கிறார். ஆளி விதையைத் தூற்றித் தூற்றியே, அதே காற்றில் அதே தூரம் போய் விழும் கமெலினா என்ற களையை உழவர்கள் தங்களை அறியாமல் வளர்த்துவிட்டார்கள். ரை தானியமே கோதுமைக்குள் களையாக வந்து பயிரானதுதான் என்பது அவர் கருத்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் அக்ரோஸ்டெம்மா என்று ஊதாப்பூக் களை ஒன்று இருந்தது. விதை பெரிது, மண்ணில் ஓரிரு வருஷத்துக்கு மேல் தாங்காது. ஆனாலும் கவலை இல்லாமல் வாழ்ந்தது, கோதுமை விதையோடு வருஷா வருஷம் விதைக்கப்பட்டதால். விதை சுத்திகரிக்கும் இயந்திரங்கள் நன்றாக வந்ததும் இருபதாம் நூற்றாண்டில் வயல்களிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனது. மருந்து வந்து கொன்றது என்பார்கள்; சல்லடைக்குத்தான் பெரிய பங்கு. லாக்கரில் சேமிப்பு இல்லாதவன் வரத்து நின்றதும் விழுந்தான்.

நம் ஊரில் குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் அதன்மேல் படரும் அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் களையும் இப்படித்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சலித்தால் பிரியாது. கூந்தல் விதையின் தோல் சொரசொரப்பு, மசால் வழவழப்பு. வெல்வெட் சுற்றிய உருளையில் ஓட்டினால் சொரசொரப்பானது ஒட்டிக்கொண்டு பிரியும். லென்ஸில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் நாள் எனக்கும் பிரித்துச் சொல்ல வரவில்லை, திட்டு வாங்கினேன்.


அடிலெய்டு_மாணவி | வியாழன், மாலை 5.15

வணக்கம். களை சூழலியல் படிக்கிறேன். முறம் ஐயாவின் விளக்கத்தோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன், கால்வாசிக்குச் சண்டை.

'சிறிய விதை மண்ணில் நீடிக்கும், பெரியது மட்கும்' என்பது பிரிட்டனின் தாவரங்களில் அழகாகப் பொருந்தியது. மூன்று மில்லிகிராமுக்குக் குறைந்த, உருண்டையான விதைகளில் மிகப் பெரும்பாலானவை நீடிப்பவை. அதே சோதனையை ஆஸ்திரேலியத் தாவரங்களில் செய்தபோது உறவே தெரியவில்லை. இங்கே கெட்டித்தோல் உள்ள பெரிய விதைகள் நிறைய, அவையும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. தாளிக்கொடி இனமும் கெட்டித்தோல்தான். அதனால் கரிசல்காட்டான் அண்ணா, 'பெரிய விதைக்காரன் இரண்டு வருஷத்தில் ஒழிந்துவிடுவான்' என்று நம்பிவிடாதீர்கள். ஆழக் கணக்குக்கு எடை போதும். வயசுக் கணக்குக்குத் தோலையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கானாவாழை உங்கள் காட்டிலேயே ஒரு பாடம். ஒரு செடியை வேரோடு தோண்டிப் பாருங்கள். மேலே நீலப் பூ பூத்து விதை வைப்பது தெரியும். மண்ணுக்குள்ளும் வெளுத்த தண்டில் பூவாமல் மூடியே இருக்கும் பூக்கள் விதை வைக்கும். மேலே பெரிசு, சிறிசு. கீழே பெரிசு, சிறிசு. ஆக நாலு தினுசு விதை ஒரே செடியில். கீழே உண்டாகும் பெரிய விதை அதிகம் தூங்காது, ஆழத்திலிருந்தும் வரும். மேலே உண்டாகும் சின்ன விதை நன்றாகத் தூங்கும். பயணம் போக ஒன்று, வீட்டைப் பிடித்துக்கொள்ள ஒன்று. உழவு எதுவானாலும் அதற்கு ஒரு தினுசு கைவசம் இருக்கிறது.


வரப்போரம் | வியாழன், இரவு 9.00

நான் மழை என்றேன், நீங்கள் இங்கிலாந்து வரைக்கும் போய்விட்டீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். பெரிய விதைக்கு இவ்வளவு வசதி என்றால் எல்லாக் களையும் பெரிய விதையே வைத்திருக்கலாமே? என் காட்டில் பொடிக் களைதான் ராஜ்யம்.


அடிலெய்டு_மாணவி | வெள்ளி, காலை 6.45

நல்ல கேள்வி ஐயா. செடியின் கையில் இருக்கும் மாவு ஒன்றுதான். பெரிய உருண்டையாகப் பிடித்தால் பத்து, சின்னதாகப் பிடித்தால் ஆயிரம். ஒரு பார்த்தீனியம் 15,000 விதைக்கு மேல் வைக்கும். பருப்புக்கீரை நன்றாக வளர்ந்தால் லட்சம் தாண்டும். சுடுமல்லி என்று கரும்பு, சோளத்தின் வேரை உறிஞ்சும் ஒட்டுண்ணி இருக்கிறதே, அதன் விதை கால் மில்லிமீட்டர் தூசி. ஒரு செடியில் பல்லாயிரம். அதற்குக் கட்டுச்சோறே வேண்டாம், பக்கத்தில் சோள வேர் இருக்கிறது என்று வேதிப்பொருள் வாசனை வந்தால்தான் எழும்.

வெறும் மண்ணாகத் திறந்து கிடக்கும் காட்டில் எண்ணிக்கைதான் ஜெயிக்கும். அதோடு பொடி விதைக்காரன் முளைத்த பிறகு தன் அளவுக்கு வேகமாக வளர்வான். தரையை மூடினால் ஆட்டம் மாறும். பிரேசிலில் கரும்பைக் கொளுத்தி வெட்டுவதை நிறுத்தி, இயந்திரத்தால் வெட்டி, காய்ந்த தோகையை, அதாவது சோகையை, அப்படியே தரையில் விட்டார்கள். பொடி விதைப் புற்கள் குறைந்தன. அந்த இடத்துக்கு வந்தவை தாளி இனக் கொடிகள், ஆமணக்கு, பூனைக்காலி இனம். சோகையைத் துளைத்துக்கொண்டு வரத் தெம்புள்ளவை அவைதான். கொடி ஏறிய கரும்பை இயந்திரம் வெட்டத் திணறுவது தனிக் கதை.


தாளடி | வெள்ளி, காலை 9.20

இது சத்தியமான வார்த்தை. எங்கள் மாமா கரும்பில் சோகை பரப்பினார். மூன்று மாதம் தரை சுத்தம். அப்புறம் பார்த்தால் கொடி தோகைக்கு மேலே ஏறி மாலை போட்டு நிற்கிறது. 'களையும் இல்லை, கரும்பும் தெரியவில்லை' என்பார்.


முறம் | வெள்ளி, காலை 11.10

மாணவி சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். தோல் விஷயம் எனக்குத் தெரிந்தும் விட்டுவிட்டேன்.

மருந்துக்கும் இதே கணக்குதான். பென்டிமெத்தலின் மேல் மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது. அந்தத் தோலில் முளைக்கும் பொடி விதை மாட்டும். கீழே வேர்விட்டுத் தடித்த முளையோடு மேலே வருபவன் தப்பிக்க வழி உண்டு. மக்காச்சோளம் தப்பிக்கிறதே, அதில் அரைக் காரணம் நாம் அதை நாலைந்து சென்டிமீட்டரில் ஊன்றுவது. கானாவாழை உங்கள் பயிரின் தந்திரத்தையே பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். மேலக்காட்டில் பொடியே தப்பியதற்குக் காரணம் நீங்களே சொன்ன காய்ந்த மண்.

தம்பி, எங்கள் பேச்சை நம்பாதீர்கள். பால் கவரில் மண் நிரப்பி, விதையை வேறு வேறு ஆழத்தில் வைத்து நீங்களே பாருங்கள். இரண்டு காட்டிலும் ஒரு சாண் ஆழ மண்ணும் மேல்மண்ணும் தனித்தனியாக எடுத்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பித் தண்ணீர் தெளித்து வையுங்கள். லாக்கரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.


கரிசல்காட்டான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.30

ஐயா சொன்ன இரண்டையும் செய்தேன். நகைக்கடைக்காரர் என் கூடப் படித்தவன், அவன் தராசில் ஆயிரம் குப்பைக்கீரை விதையை நிறுத்தேன். 0.4 கிராம் வரவில்லை. தங்கமாக இருந்தால் சேதாரத்துக்கே போதாது என்றான்.

பால் கவர் கணக்கு, ஒவ்வொன்றிலும் ஐம்பது விதை: குப்பைக்கீரை மேலே தூவியதில் 33, ஒரு சென்டிமீட்டரில் 19, மூன்றில் 1, ஐந்தில் பூஜ்யம். கானாவாழை (மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பெரிய விதை, ஐம்பது சேரவில்லை, இருபதுதான்) ஒன்றில் 14, மூன்றில் 15, ஐந்தில் 9. ஐந்து சென்டிமீட்டர் கவரைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு நூல் கீழிருந்து மேல்வரை, அடியில் விதைத்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டு. மேலே வந்ததும்தான் பச்சை. அதைப் பார்த்ததும் கோபமே வரவில்லை.

தட்டுக் கணக்கு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மேலக்காட்டு மேல்மண் தட்டில் எண்ண முடியாத அளவு குப்பைக்கீரை, எதிர்பார்த்ததுதான். கீழக்காட்டு மேல்மண்ணில் பதினொன்று. அதே கீழக்காட்டின் ஒரு சாண் ஆழ மண்ணில், இத்தனை நாள் கழித்து, 140க்கு மேல். அப்பா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலக்காட்டு மண்ணைக் கலந்துவிட்டாயா என்று இரண்டு தடவை கேட்டார்.


முறம் | ஞாயிறு, மதியம் 12.05

அப்படியானால் கீழக்காட்டை மறுபடி புரட்டாதீர்கள். லாக்கரை நீங்களே திறந்து கொட்டுவதாக ஆகும். நாலைந்து வருஷம் மேலாகவே கொத்துக்கலப்பை போதும், அதற்குள் கீழே உள்ளதில் நல்ல பங்கு செத்துவிடும், எல்லாம் சாகாது. மேலக்காட்டுக்கு ஒரு தடவை சட்டி போடலாம். ஆனால் அதற்கு முன்னால் கோடை மழையில் ஒரு தடவை முளைக்கவிட்டு மேலாக ஓட்டி அழியுங்கள். புதைக்கும் சரக்கு குறையும்.


அடிலெய்டு_மாணவி | ஞாயிறு, மதியம் 2.40

எண்ணிக்கையை அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள் அண்ணா. கானாவாழையைக் கையால் எடுக்கும்போது மேலே ஒடித்துவிடாமல் மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைத் தண்டோடு எடுங்கள். எடுத்ததை வரப்பில் போட்டால் ஈரம் பட்டு மறுபடி வேர்விடும்.


வரப்போரம் | ஞாயிறு, இரவு 8.20

என் காட்டு மண்ணையும் இரண்டு தட்டில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஆறாம் நாள். இதுவரைக்கும் எறும்புதான் வந்திருக்கிறது, வரிசையாக எதையோ தூக்கிக்கொண்டு போகிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா ஐயா?


முறம் | ஞாயிறு, இரவு 8.35

கட்டாயம். என்ன தூக்குகிறது என்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். தட்டின் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.